குடத்தைக் குடித்த கூந்தல்

கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவே முப்பத்தாறு வீடுகள் இரண்டு வரிசையாக நிற்கிற கிழக்கு அளத்தெருவில், பங்குனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஞானசெல்வியின் தலைமுடி ஒரு குடம் தண்ணீரைக் குடித்தது.

அவள் வேண்டுமென்று எதுவும் செய்யவில்லை. அளத்தில் உப்பு வாரிவிட்டு வீட்டுக்கு வந்து முகம் கழுவக் குனிந்தாள். கொண்டை அவிழ்ந்து முடி குடத்துக்குள் விழுந்தது. கன்றுக்குட்டி தொட்டியில் வாய் வைத்தாற்போல ஒரு சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தபோது குடத்தின் அடியில் ஈரம்கூட இல்லை. முடியைத் தொட்டுப் பார்த்தாள். அது எப்போதும்போலத் தேங்காய் நார் மாதிரிக் காய்ந்துதான் கிடந்தது.

பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் இதையெல்லாம் வாசலில் நின்று பார்த்துவிட்டு, வாயிலிருந்த வெற்றிலையைத் தெருவோரம் சிவப்பாகத் துப்பினாள்.

"ஏட்டி, ஒரு குடம் போச்சே. இனிமே வியாழக்கெழமதான் தண்ணி லாரி வரும். அதுவரைக்கும் உன் முடி வாயக் கட்டிப் போடு" என்றாள்.

காரணம் தேடி யாரும் வெகுதூரம் போகவில்லை; காரணம் அந்தத் தெருவில் எல்லாப் பெண்களின் தலையிலும் இருந்தது. பதினொரு வருடமாக ஞானசெல்வி வெறுந்தலையோடு வெயிலில் நின்று உப்பு வாரினாள். உப்புக்காற்று முடியில் படிந்தது. அதைப் போக்க, சோப்பு நுரைக்காத போர்வெல் தண்ணீரில் தினமும் ஒரு பாக்கெட் ஷாம்பு போட்டுக் குளித்தாள். உடம்புவலிக்கு இதமாக இருக்கிறதென்று தலைக்கும் கொதிக்கக் கொதிக்க ஊற்றினாள். ஈரத்தலையைத் துண்டால் அடித்து, நெருக்கமான பல் உள்ள பிளாஸ்டிக் சீப்பால் இழுத்து வாரினாள். காலையில் காய்ந்த முடியின் மேல் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு மறுபடியும் வெயிலுக்குப் போனாள். மற்றவர்கள் செய்ததும் இதையேதான். அவளுடைய முடி மட்டும் எல்லாருக்கும் முன்னால் பொறுமை இழந்தது.

ஆகையால் தெரு அதை ஒரு புது மாடு வாங்கிய செய்தியைப் போல எடுத்துக்கொண்டது. குடங்களுக்கு மூடி போட்டார்கள். ஞானசெல்வி தெருவில் நடக்கும்போது "செல்வி வாறா" என்று ஒரு குரல் முன்னே போகும், குழம்புச் சட்டிகளை மூடுவார்கள். முதல் வாரம் பயந்தார்கள். இரண்டாம் வாரம் இசக்கியம்மாள் கூழ்வற்றல் பிழிந்து வைத்துவிட்டு, "ஏட்டி, இந்தப் பக்கம் ஒரு நடை நடந்துட்டுப் போ" என்றாள். அவள் நடந்து போனதும் வற்றல் பாயிலிருந்து சலசலவென்று தானாகக் கழன்றது. அதன் பிறகு துவைத்த துணிக்கும், கழுவிய மிளகாய்க்கும், கருவாட்டுக்கும் அவளைக் கூப்பிட்டார்கள். அவளும் போனாள். பயந்து பார்த்த முகங்கள் சிரித்துக் கூப்பிடும்போது போகாமல் இருப்பது கஷ்டம்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. தலை வாரும்போது சீப்பில் வருகிற முடியைப் பெண்கள் குப்பையில் போடமாட்டார்கள். விரலில் சுற்றி உருண்டையாக்கி, சுவர் இடுக்கில் செருகி வைப்பார்கள். சைக்கிளில் வருகிற முடிக்காரர் அதை எடுத்துக்கொண்டு ஊக்கோ கிண்ணமோ கொடுப்பார். இப்போது ஞானசெல்வியின் சிக்குமுடியை அவருக்குக் கொடுக்க யாரும் விடவில்லை. "எங்க வீட்டுச் சுவருக்கு ஒரு உருண்டை குடுட்டி, மழக்காலத்துல துணி காயும்லா" என்று ஒருத்தி கேட்டாள். அடுத்த நாள் நாலு பேர் கேட்டார்கள். ஆடி மாதத்துக்குள் முப்பத்தாறு வீட்டுச் சுவர்களிலும் அவளுடைய முடி உருண்டை உருண்டையாக உட்கார்ந்திருந்தது. எல்லாரும் அதை ஆசையாகக் கேட்டுத்தான் வாங்கினார்கள்.

கங்காணி தவமணிக்கு இது தெரிய அதிக நாள் ஆகவில்லை. அளத்தில் வேலையாட்களைப் பிரித்து விடுகிறவர் அவர்தான். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் விழச் சம்மதிக்காதவர். ஞானசெல்வி வரப்பில் நடந்து போன பாத்தியில் மட்டும் பத்து நாள் உப்பு ஒரே நாளில் விளைந்து நிற்பதை அவர் பார்த்தார். மறுநாளிலிருந்து அவளுக்கு வாருகிற வேலை இல்லை.

"நீ சும்மா தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு வரப்புல நட, போதும்" என்றார். "மகராணி உத்தியோகம்."

"அண்ணாச்சி, வெயில்ல முடி இன்னும் காயுது. தலையெல்லாம் எரியுது."

"காயட்டும் தாயி. காஞ்சாத்தான நல்லது?"

அவள் நடந்தாள். அவள் சீப்பில் வந்த முடியையும் கேட்டு வாங்கி, கங்காணி அளத்தின் நாலு மூலையிலும் கற்றையாகக் கட்டினார். பாத்திகள் ஒவ்வொன்றாக வெளுத்தன. உப்பு அம்பாரங்கள் வீட்டுக் கூரைகளைவிட உயர்ந்தன. எல்லாருக்கும் தினமும் வேலை இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

ஐப்பசி வந்தது. கடலுக்கு மேல் மேகம் திரண்டது, கறுத்தது, தெருவை நோக்கி வந்தது, அளத்தின் விளிம்புக்கு வந்ததும் நின்று, பழைய தலையணைப் பஞ்சு பிரிவதுபோல நார்நாராகப் பிரிந்து காணாமல் போனது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. மழைக்காலமென்றால் உப்பளத்தில் வேலை கிடையாது, மூன்று மாதம் அரை வயிறு என்று பிறந்ததிலிருந்து பழகியிருந்தவர்கள், அந்த வெளுத்த வானத்தைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

ஞானசெல்வி கைதட்டவில்லை. அவள் மகள் பெனிட்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெனிட்டாவுக்கு ஏழு வயது. தகப்பன் லாரியில் உப்பு ஏற்றிக்கொண்டு வடக்கே போகிறவன், மாதத்துக்கு ஒருமுறைதான் முகம் காட்டுவான். அதனால் கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து அம்மாவின் ஜடை நுனியைக் கைக்குள் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். அது கையில் இல்லாவிட்டால் கண் மூடாது. அவளுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. புளியங்கொட்டையை வாயிலிருந்து தூரமாகத் துப்புகிற போட்டியில் அந்தத் தெருவில் அவளை ஜெயிக்க ஆளில்லை. ஒரு வரிசையில் நின்று துப்பினால் எதிர் வரிசைக் கதவில் போய் 'டக்' என்று விழும்.

ஒருநாள் சாயங்காலம் பெனிட்டா கொட்டையைத் துப்பினாள். அது அவள் கால்மேலேயே விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். இன்னொன்று துப்பினாள். அதுவும் காலடியில் விழுந்தது.

"எம்மா, வாயில எச்சியே ஊற மாட்டேங்குது" என்றாள்.

அன்றிலிருந்து ஞானசெல்வி ஜடையைச் சுருட்டி, பாலித்தீன் பையில் கட்டி, தலைக்கு மேலே தூக்கிப் போட்டுப் படுத்தாள். காலையில் எழுந்தால் பை அவிழ்ந்திருக்கும், ஜடை பிள்ளையின் கையில் இருக்கும். அது பிள்ளை தேடி எடுத்ததா, ஜடை தேடிப் போனதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதைக் கேட்கவும் பயமாக இருந்தது. கார்த்திகை பிறந்தபோது பெனிட்டா முழங்காலில் அடிபட்டு அழுதாள். வாய் அழுதது, முகம் அழுதது, கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அவள் உள்ளங்கையைத் தடவினால் பழைய நோட்டுப் புத்தகத்தைத் தடவுவதுபோலச் சத்தம் கேட்டது.

ஞானசெல்வி கத்தரிக்கோலை எடுத்து ஜடையில் ஒரு சாண் வெட்டினாள். வெட்டிய துண்டு தரையில் கிடந்தது. சற்று நேரத்தில் அதன் பக்கமாகப் போன பல்லி ஒன்று, வரைந்து வைத்த பல்லியைப்போலத் தட்டையாகக் காய்ந்து நின்றது. அந்தத் துண்டை அடுப்பில் போட்டாள். அது எரியவில்லை, அடுப்பின் மேலிருந்த குழம்புதான் வற்றியது. தலையில் இருக்கிற முடியாவது தலை சொன்னால் கேட்கலாம், வெட்டிய முடி யார் சொன்னால் கேட்கும் என்று நினைத்தாள். துண்டைக் கிடுக்கியால் எடுத்துப் பாட்டிலில் போட்டு மூடினாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நர்ஸ் லூர்துமேரியிடம் ஓடினாள்.

வாரம் ஒருமுறை வந்து தடுப்பூசி போடுகிற லூர்துமேரி எதற்கும் வியக்கமாட்டார். பிள்ளையைப் பார்த்தார், பிறகு தாயின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"ஒனக்கு ஒடம்புல ரத்தமே இல்ல. முடிக்கு எங்க இருந்து சத்து போகும்? மாத்திரை தாறேன், முருங்கைக்கீரையும் மீனும் சாப்பிடு. மொட்டை அடிச்சா இது தீராது செல்வி. தாகம் எடுத்தவள அடிச்சுத் துரத்துனா தாகம் போயிருமா? தாகத்தத் தீக்கணும்."

"எத்தன குடம் குடிச்சாலும் அடங்கலயே சிஸ்டர்."

"அடங்காது. குடிச்ச தண்ணியக் காத்து பிடுங்கிட்டுப் போயிருது. நீங்க எல்லாரும் என்ன செய்யுதீங்க? காஞ்ச முடியில எண்ணெயத் தேச்சுட்டு வெயில்ல போறீங்க. உள்ள ஈரம் இல்லாம மேல எண்ணெய் இருந்து என்ன பண்ண? மொதல்ல நல்ல தண்ணி. முடி நனைஞ்சு ஈரமா இருக்கும்போதே, மேல கொஞ்சமா எண்ணெய். அப்பதான் உள்ள போனது உள்ளயே நிக்கும். ஷாம்பு வாரத்துக்கு ஒரு நாள் போதும். சுடுதண்ணி வேண்டாம். வெயிலுக்குப் போகும்போது தலையில துணி கட்டு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "ஆனா ஒன் தலைய மட்டும் சரி பண்ணிப் பிரயோசனம் இல்ல. சுவருல இருக்கு பாரு, அதையும் சேத்துதான்."

ஞானசெல்வி தன் தலையிலிருந்து தொடங்கினாள். ஊறவைத்த வெந்தயத்தை அரைத்துத் தயிரில் கலந்து பூசினாள். அரிசி கழுவிய தண்ணீரை ஒரு நாள் வைத்திருந்து அலசினாள். தலையில் துணி கட்டிக்கொண்டு அளத்துக்குப் போனாள். மூன்றாம் நாள் கங்காணி அந்தத் துணியைப் பார்த்தார், திரும்பும் வழியில் தெருக்கடை வாசலில் நின்றுவிட்டுப் போனார். நான்காம் நாள் கடையில் வெந்தயம் கேட்டபோது "தீந்துபோச்சு" என்றான் கடைக்காரன், வெந்தய டப்பாவின் மேல் கையை வைத்துக்கொண்டே. தேங்காய் எண்ணெயும் தீர்ந்துபோயிருந்தது. தெருவில் அவள் நடந்தபோது யாரும் குழம்பை மூடவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. கதவிடுக்கில் நின்று அவள் தலைத்துணியைப் பார்த்தார்கள். முன்பு அவள் முடி குடிக்கும் என்று பயந்தவர்கள், இப்போது அது குடிக்காமல் போய்விடுமோ என்று பயந்தார்கள். இந்தப் பயம் முந்தையதைவிடக் கெட்டதாக இருந்தது.

அன்று மத்தியானம் பெனிட்டா எழுந்து நிற்கவில்லை. காற்று அடித்தபோது பிள்ளையின் கை பாயிலிருந்து லேசாகத் தூக்கி விழுந்ததை ஞானசெல்வி பார்த்தாள். பிள்ளையை இடுப்பில் வைத்தாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒரு முறத்தின் கனம்தான் இருந்தது. நேரே இசக்கியம்மாள் வீட்டுக்குப் போனாள்.

"அக்கா, சுவருல இருக்குற என் முடியத் தாங்க."

"அது எப்படிட்டி தாறது? ஆசப்பட்டுக் கேட்டேன், நீயும் சிரிச்சுக்கிட்டுத்தான குடுத்த?"

"குடுத்தேன். இப்ப திருப்பிக் கேக்கேன்."

"மழ பெஞ்சா வேல நிக்கும். முப்பத்தாறு வீட்டு அடுப்புல தண்ணி ஊத்தப் பாக்கியே, நியாயமா?"

ஞானசெல்வி வாதாடவில்லை. பிள்ளையின் கையை நீட்டினாள். "இவ கையப் பிடிச்சுப் பாருங்கக்கா. அதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேக்கேன்."

இசக்கியம்மாள் பிடித்தாள். விட்டாள். அவள் விரல்களில் பிள்ளையின் தோல் மாவுபோல வெள்ளையாக உதிர்ந்து ஒட்டியிருந்தது. பிறகு தெருவில் யாராவது இருக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வாயைத் திறந்து காட்டினாள். உள்ளே வெற்றிலை பொடிப்பொடியாகச் சருகாகக் கிடந்தது.

"பதினஞ்சு நாளா நானும் துப்பல ஏட்டி" என்றாள். ஊரையெல்லாம் ஏசுகிற அந்தக் குரல் முதல் தடவையாகக் கிசுகிசுத்தது. "மெல்லுதேன், மெல்லுதேன், ஊறல. வெளிய சொன்னா சிரிப்பாளுவோன்னு சும்மா மென்னுக்கிட்டே இருக்கேன்."

அவள் உள்ளே போய்ச் சுவர் இடுக்கில் விரலை விட்டாள். முடியுருண்டை வந்தது, அதைச் சுற்றியிருந்த செங்கல்லும் சேர்ந்து தூளாக வந்தது. இருவரும் அந்த ஓட்டையைப் பார்த்தார்கள். அது ஒரு தலை நுழைகிற அளவு இருந்தது.

அதன் பிறகு இசக்கியம்மாள்தான் முன்னால் போனாள்; ஒவ்வொரு வாசலிலும் நின்று வாயைத் திறந்து காட்டினாள். அவள் காட்டியதும் மற்றவர்களும் காட்டத் தொடங்கினார்கள். கடைசி வீட்டு ஸ்டெல்லா, பத்து நாளாகப் பிள்ளைக்குப் பால் இல்லை, பவுடரைக் கரைத்துக் கொடுத்துவிட்டுத் தாய்ப்பால் என்று சொல்லிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். பம்புசெட் ஓட்டுகிற அய்யாத்துரை தனக்கு ஒரு மாதமாக வியர்வை வரவில்லை என்றான். கடைக்காரன் உதடு வெடித்த தன் மகளை முன்னால் நிறுத்திவிட்டு, வெந்தய டப்பாவைத் தூக்கிக் கொடுத்தான். அந்தத் தெருவில் ஒவ்வொரு வீடும், தன் வீடு மட்டும்தான் காய்கிறது என்று நினைத்து, வெட்கப்பட்டு, கதவைச் சாத்திக்கொண்டு காய்ந்துகொண்டிருந்தது. அளத்து மூலைகளில் கங்காணி கட்டியிருந்த நாலு முடிக்கற்றைகளையும் அய்யாத்துரை அவிழ்த்துக் கொண்டுவந்தான்.

வியாழக்கிழமை தண்ணீர் லாரி வந்தது. யாரும் வீட்டுக்குக் குடம் தூக்கவில்லை. பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் முப்பத்தாறு வீட்டு உருண்டைகளையும் கற்றைகளையும், பாட்டிலில் அடைத்திருந்த துண்டையும் போட்டார்கள். பக்கத்தில் ஞானசெல்வி உட்கார்ந்தாள். பெண்கள் செம்பருத்தி இலை அரைத்தார்கள். லூர்துமேரி சொன்ன வரிசையில் ஒன்றும் பிசகவில்லை: முதலில் தண்ணீர், அதன்மேல் வெந்தயமும் செம்பருத்தியும் தயிரும், அலச மறுபடியும் தண்ணீர், ஈரம் காய்வதற்குள் எண்ணெய், பிறகு அகலப் பல் உள்ள மரச்சீப்பால் நுனியிலிருந்து மெதுவாக மேலே.

முடி குடித்தது. லாரித் தண்ணீர் முழுவதையும் குடித்தது. கடைசிக் குடம் காலியானபோதும் கன்றுக்குட்டி உறிஞ்சுகிற அந்தச் சத்தம் நிற்கவில்லை. இனி ஏழு நாளைக்குத் தெருவில் குடிக்கத் தண்ணீர் இல்லை. எல்லாரும் ஞானசெல்வியைப் பார்த்தார்கள், அவள் தன் மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். அந்த ஏழு நாளும் மூன்று மைல் நடந்து பக்கத்து ஊரில் கெஞ்சிக் கேட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார்கள், பெனிட்டாவின் உதட்டில் நனைத்த துணியை மாற்றி மாற்றி வைத்தார்கள். இரண்டாம் வியாழக்கிழமை முடி பாதி லாரி குடித்தது. "ஏட்டி, இது முடியா, எங்க மாமியா வீட்டுச் சனமா?" என்றாள் இசக்கியம்மாள், எண்ணெய்க் கையோடு. சிரிக்க முடிந்தவர்கள் சிரித்தார்கள்.

மூன்றாம் வியாழக்கிழமை, ஞானசெல்வியின் தலையில் எட்டாவது குடத்தை ஊற்றியபோது, சத்தம் நின்றது. ஜடை நுனியில் ஏதோ மினுங்கியது. அது கனத்தது, உருண்டது, தரையில் விழுந்தது. ஒரு சொட்டு. ஒன்பது மாதத்தில் அந்த முடி வேண்டாம் என்று விட்ட முதல் சொட்டு அதுதான். முப்பத்தாறு வீட்டுச் சனமும் குனிந்து அந்த ஈர வட்டத்தைப் பார்த்தது. அது காயவில்லை. டிரம்முக்குள் உருண்டைகள் மெத்தென்று மிதந்தன.

சாயங்காலம் மேகம் அளத்தின் விளிம்புக்கு வந்தது. நின்றது. பிறகு உள்ளே வந்தது.

நான்கு நாள் மழை பெய்தது. பாத்திகள் கரைந்தன, கூரையைவிட உயரமாக நின்ற அம்பாரங்கள் இடுப்பளவுக்கு இறங்கின. ஐந்தாம் நாள் கங்காணி தவமணி சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். எழுந்து நடமாடத் தொடங்கியிருந்த பெனிட்டா அம்மாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டு, கன்னத்தில் எதையோ அடக்கிக்கொண்டு நின்றாள்.

"நான் கோவமா வரல" என்றார் அவர். "வருசம் பூரா வேல. யாரு குடுப்பா உங்களுக்கு? பத்தே பத்து நாள், அந்தத் தலைத்துணிய அவுத்துட்டு வெயில்ல நடக்கச் சொல்லுங்க. பழையபடி ஆயிரும். நல்லா யோசிங்க. மூணு மாசம் என்ன சாப்பிடப் போறீங்க?"

ஸ்டெல்லாவின் புருஷன் தரையைப் பார்த்தான். கடைக்காரன் வானத்தைப் பார்த்தான். இசக்கியம்மாளின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை என்பதை ஞானசெல்வி கவனித்தாள். அவள் கை தலைத்துணியை இறுக்கிப் பிடித்தது.

அப்போது 'த்தூ' என்று ஒரு சத்தம். புளியங்கொட்டை ஒன்று தெருவைக் கடந்து போய்க் கங்காணியின் வெள்ளைச் சட்டையில் 'பொத்' என்று ஒட்டியது. ஒட்டி, எச்சிலோடு, நத்தை போல, பையிலிருந்து கீழ்ப் பொத்தான் வரைக்கும் ஈரக்கோடு போட்டுக்கொண்டு மெதுவாக இறங்கியது.

எல்லாரும் அந்த ஈரத்தையே பார்த்தார்கள்.

"பிள்ள துப்பிட்டா" என்றாள் ஸ்டெல்லா, யாரிடமும் இல்லாமல். அவள் புருஷன் தன் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். கடைக்காரன் போனான். இசக்கியம்மாள் இரண்டு எட்டு முன்னால் வந்து, கங்காணியின் காலுக்கு ஒரு சாண் தள்ளி, மழைத்தண்ணீரில் சிவப்பாகப் பரவும்படி நிதானமாகத் துப்பினாள்.

"போயிட்டு வாங்க அண்ணாச்சி. வழுக்கும், பாத்து" என்றாள்.

அந்த மூன்று மாதமும் தெரு அரை வயிற்றோடு கிடந்தது. இப்போதும் அங்கே பெண்கள் சிக்குமுடியைச் சுவரில் செருகுகிறார்கள். செருகுமுன் தண்ணீரில் நனைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு வைக்கிறார்கள். பெனிட்டா இன்னும் ஜடையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். தினமும் படுக்கும்போது ஞானசெல்வி ஜடை நுனியை முதலில் தன் உதட்டில் ஒற்றி, மூச்சை அடக்கிக் காத்திருக்கிறாள். ஈரம் தட்டிய பிறகுதான் அதைப் பிள்ளையின் கையில் கொடுக்கிறாள்.